வெள்ளைக்கருவின் காவல் புரதங்கள்: முட்டைக்கோழித் தீவனத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? முழுமையான வழிகாட்டி

அடையில் இருக்கும் முட்டை 21 நாள் தாய்க்கோழியின் சூட்டிலேயே கிடக்கிறது. ஏறத்தாழ 37 டிகிரி வெப்பம், போதுமான ஈரம், உள்ளே கொழுப்பும் புரதமும் இரும்பும் நிறைந்த மஞ்சள்கரு. பாக்டீரியா பெருக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஓட்டிலோ ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் முட்டை அழுகாமல் குஞ்சாகிறது என்றால், அதற்குப் பெரும் காரணம் வெள்ளைக்கரு. நாம் அதைப் புரத உணவாக மட்டுமே பார்க்கிறோம். கோழியைப் பொறுத்தவரை அது மஞ்சள்கருவைச் சுற்றிப் போட்ட காவல்.

இந்தக் காவலைத் தீவனத்தால் கூட்ட முடியுமா என்று நாமக்கல் பக்கத்துப் பண்ணையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பொடிகளும் திரவங்களும் விற்கப்படுகின்றன. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவல் புரதங்களைத் தீவனத்தால் பெரிதாகக் கூட்ட முடியாது. ஆனால் தவறான தீவனத்தால் அவற்றைச் செயலிழக்கச் செய்ய முடியும், அதுவும் மிகச் சுலபமாக. அதனால் இந்த வழிகாட்டியில் சேர்க்கச் சொல்லும் பொருட்களைவிட, தவிர்க்கவும் சோதிக்கவும் சொல்லும் பொருட்களே அதிகம்.

முதலில்: எந்தப் புரதம் என்ன செய்கிறது

58 கிராம் முட்டையில் வெள்ளைக்கரு சுமார் 34 கிராம். அதில் 88 சதவீதம் தண்ணீர், புரதம் மூன்றரை கிராம் அளவுக்கு இருக்கும். அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின், அதாவது வளரும் குஞ்சுக்கான உணவு. மீதியில்தான் காவலர்கள் இருக்கிறார்கள்.

லைசோசைம் மொத்தப் புரதத்தில் சுமார் 3.5 சதவீதம். பாக்டீரியாவின் செல்சுவரை அறுத்து அதைக் கொல்லும். பெனிசிலினுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் உலகுக்கு அறிவித்த பொருள் இது. 1965இல் லண்டனில் முப்பரிமாண அமைப்பு கண்டறியப்பட்ட முதல் நொதியும் கோழிமுட்டை லைசோசைம்தான். கிராம் சாயச் சோதனையால் பாக்டீரியாக்களை இரு வகையாகப் பிரிப்பார்கள். கிராம் பாசிட்டிவ் வகைக் கிருமிகளிடம் இது நன்றாக வேலை செய்யும். சால்மொனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அவற்றிடம் இதன் வீச்சு குறைவு.

அந்தக் குறையை நிரப்புவது ஓவோடிரான்ஸ்ஃபெரின், சுமார் 12 சதவீதம். இதன் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இரும்பு அயனிகளை இறுகப் பிடித்துவைக்கும். இரும்பு இல்லாமல் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. வெள்ளைக்கருவில் சால்மொனெல்லா வளராமல் தடுப்பதில் இதற்கே முதன்மையான பங்கு. வெள்ளைக்கருவோடு கொஞ்சம் இரும்பு உப்பைக் கலந்துவிட்டால் இந்தத் தடை அகன்று கிருமிகள் பெருகத் தொடங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மூன்று இடங்களில் தேவைப்படும்.

ஓவோமியூசின் அளவில் சிறியது. ஆனால் கெட்டி வெள்ளைக்கருவை ஜெல்லிபோல் நிறுத்திவைப்பது இதுதான். அந்தக் கெட்டிப்பகுதி மஞ்சள்கருவை நடுவில் தாங்கி நிறுத்துவதால், ஓட்டின் வழியே நுழைந்த கிருமி மஞ்சள்கருவைத் தொட நாளாகிறது. ஓவோமியூகாய்டும் ஓவோஇன்ஹிபிடரும் கிருமிகள் விடும் புரதச்சிதைவு நொதிகளை அடக்குகின்றன. அவிடின் பயோட்டினையும், ரிபோஃபிளேவின் பிணைப்புப் புரதம் பி2 வைட்டமினையும் பிடித்து, கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன. ஒரு முட்டையில் அவிடின் வெறும் இரண்டு மில்லிகிராம் அளவுதான். அதுவே போதுமானதாக இருக்கிறது.

இவையெல்லாம் உருவாகும் இடம், முட்டைக்குழாயில் மேக்னம் எனப்படும் பகுதி. மஞ்சள்கரு அதைக் கடக்க மூன்று மணி நேரம் போல ஆகும். அந்த நேரத்திற்குள் மேக்னம் சுரப்பிகள் ஏற்கெனவே சேமித்துவைத்திருக்கும் புரதம் அதன்மேல் படிகிறது. எந்தப் புரதம் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கோழியின் மரபணுவும் தீர்மானிக்கின்றன. தீவனம் கொடுப்பது மூலப்பொருள் மட்டுமே. மூலப்பொருள் குறைந்தால் கோழி பொதுவாக முட்டையின் அளவைக் குறைக்கும், பிறகு எண்ணிக்கையைக் குறைக்கும். இடும் முட்டையில் புரதங்களின் விகிதத்தைக் கூடியமட்டும் காப்பாற்றவே பார்க்கும். “இதைக் கொடுத்தால் லைசோசைம் இரட்டிப்பாகும்” என்பது போன்ற விற்பனைப் பேச்சை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

படி 1: தீவனத்தைத் தொடும் முன் அளந்து வையுங்கள்

இன்றைய நிலை தெரியாமல் தீவனத்தை மாற்றினால், முட்டை தேறியதா கெட்டதா என்று பின்னால் சொல்ல முடியாது. ஒரே ஷெட், ஒரே வயது, ஒரே நாள் காலையில் இட்ட முட்டைகளில் 30 எடுங்கள். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, மட்டமான கண்ணாடித்தட்டில் உடையுங்கள். மஞ்சள்கருவின் விளிம்புக்கும் கெட்டி வெள்ளைக்கருவின் விளிம்புக்கும் நடுவில், வெண்ணிற முறுக்கு நூல் இல்லாத இடத்தில், உயரத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். மூன்று கால்களில் நிற்கும் மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெர்னியர் காலிப்பரின் ஆழம் அளக்கும் முனை போதும்.

1937இல் ரேமண்ட் ஹா வகுத்த ஹா அலகு இந்த உயரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. எடையை 0.37 அடுக்குக்கு உயர்த்தி 1.7ஆல் பெருக்குங்கள். அதை உயரத்திலிருந்து கழித்து 7.6 கூட்டுங்கள். வரும் எண்ணின் பத்தடி மடக்கையை (log) 100ஆல் பெருக்கினால் ஹா அலகு. 55 கிராம் முட்டையில் உயரம் 6 மி.மீ. என்றால் சுமார் 79, 4 மி.மீ. என்றால் சுமார் 61. அமெரிக்கத் தரப்பிரிப்பில் 72க்கு மேல் முதல் தரம், 60க்குக் கீழ் கடைசித் தரம்.

இதே பேட்சிலிருந்து இன்னும் 60 முட்டைகளை எடுத்து வையுங்கள். 30ஐ ஏழாம் நாளும் 30ஐ பதினான்காம் நாளும் உடைத்துப் பாருங்கள். சில தீவனக் கோளாறுகள் புதிய முட்டையில் தெரியவே தெரியாது, இருப்பு வைத்த முட்டையில்தான் வெளிப்படும். ஒவ்வொரு முறையும் வெள்ளைக்கருவின் நிறத்தையும் எழுதிவையுங்கள். லேசான பச்சை கலந்த மஞ்சள் சாயல் இயல்பானது, அது ரிபோஃபிளேவின் நிறம். ரோஜா நிறம் தெரிந்தால் நேராகப் படி 3க்குப் போங்கள்.

ஹா அலகு காட்டுவது ஓவோமியூசின் கட்டமைப்பின் நிலையைத்தான். லைசோசைமின் வீரியத்தை அது அளக்காது. அதற்கு மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக் கலங்கலில் வெள்ளைக்கருவைச் சேர்த்து, கலங்கல் தெளியும் வேகத்தை அளக்கும் ஆய்வகச் சோதனை வேண்டும். மருந்து விற்க வருபவர் லைசோசைம் கூடியது என்றால், இந்தச் சோதனையின் முடிவைக் கேளுங்கள்.

படி 2: அமினோ அமிலக் கணக்கு

புரத சதவீதத்தை மட்டும் பார்ப்பது பழைய வழக்கம். கோழிக்குத் தேவை சதவீதம் அல்ல, ஒரு நாளில் உள்ளே போகும் கிராமும் மில்லிகிராமும். உச்ச உற்பத்தியில் இருக்கும் வெள்ளை லேயருக்கு (முட்டைக்கோழிக்கு) ஒரு நாளைக்குத் தோராயமாக 17 முதல் 18 கிராம் புரதம், செரிக்கத்தக்க லைசின் 800 மி.கி., மெத்தியோனின் 400 மி.கி., மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 700 மி.கி. அளவு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் கோழி இனத்தின் கையேட்டில் வயதுவாரியான துல்லிய எண்கள் இருக்கும். அதையே பின்பற்றுங்கள்.

கந்தகம் உள்ள அமினோ அமிலங்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. லைசோசைமின் 129 அமினோ அமிலங்களில் எட்டு சிஸ்டீன்; அவை நான்கு கந்தகப் பாலங்களாகி அதன் வடிவத்தைக் கட்டிவைக்கின்றன. ஓவோடிரான்ஸ்ஃபெரினில் அப்படி 15 பாலங்கள். மக்காச்சோளமும் சோயாவும் கொண்ட தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின்தான். கோழியால் மெத்தியோனினிலிருந்து சிஸ்டீன் தயாரிக்க முடியும், திருப்பிச் செய்ய முடியாது. திரியோனினையும் விட்டுவிடாதீர்கள். ஓவோமியூசின் போன்ற சளிப்புரதங்களில் அது மிகுதி, குடலின் உட்பூச்சுக்கும் அதுவே வேண்டும்.

கோடையில்தான் கணக்கு தவறுகிறது. நாமக்கல்லில் ஏப்ரல், மே மாதங்களில் 110 கிராம் தின்னும் கோழி 95 கிராமோடு நின்றுவிடும். 110 கிராமில் 800 மி.கி. லைசின் என்றால் தீவனத்தில் 0.73 சதவீதம் போதும். 95 கிராமில் அதே 800 மி.கி. கிடைக்க 0.84 சதவீதம் வேண்டும். இதற்காகச் சோயாவைக் கண்டபடி ஏற்றாதீர்கள். மிகைப் புரதத்தைச் செரித்துக் கழிக்கும் வேலையே உடலில் சூட்டைக் கூட்டும். எச்சத்தில் நைட்ரஜன் மிகுந்து ஷெட்டில் அம்மோனியா ஏறும், அம்மோனியா ஏறினால் வெள்ளைக்கரு நீர்க்கும். செயற்கை லைசின், மெத்தியோனின், திரியோனின் கொண்டு இடைவெளியை நிரப்புவதே சரி. தீவனத்தைக் காலை வெயிலுக்கு முன்னும் மாலை சூடு தணிந்த பின்னும் பிரித்துப் போடுங்கள்.

மூலப்பொருளைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். சோயா சரியாக வறுபடாவிட்டால் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் மிஞ்சி, தின்ற புரதம் செரிக்காது. சோயா போதிய அளவு வறுபட்டதா என்று காட்டும் யூரியேஸ் சோதனையில் 0.05க்கும் 0.20க்கும் இடையில் இருப்பது நல்லது. அதிகம் வறுத்தால் லைசின் கெட்டுவிடும், அதை யூரியேஸ் காட்டாது. புரதக் கரைதிறன் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்தது கடலைப் பிண்ணாக்கு. அதில் புரத சதவீதம் அழகாக இருக்கும், ஆனால் லைசினும் மெத்தியோனினும் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் உண்டு, லைசின் குறைவு.

படி 3: பருத்திக்கொட்டை, இலவங்கொட்டை

தீவனம் நேரடியாக ஒரு காவல் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1930களில் அமெரிக்காவில், குளிர்கிடங்கில் இருந்த முட்டைகளின் வெள்ளைக்கரு ரோஜா நிறமாக மாறியது. காரணத்தைத் தேடியபோது அந்தக் கோழிகள் பருத்திக்கொட்டைத் தீவனமோ, மால்வா என்னும் களைச்செடியோ தின்றிருந்தது தெரிந்தது. இந்தக் குடும்பத்துத் தாவரங்களின் எண்ணெயில் மால்வாலிக், ஸ்டெர்குலிக் என்ற சைக்ளோபுரோபீன் கொழுப்பமிலங்கள் உண்டு. நம் ஊர் இலவங்கொட்டையிலும் இவை இருக்கின்றன.

இந்த அமிலங்கள் கோழியின் உடலில் நிறைவுற்ற கொழுப்பை நிறைவுறாக் கொழுப்பாக மாற்றும் நொதியைத் தடுக்கின்றன. மஞ்சள்கருவின் கொழுப்பு இறுகுகிறது, அதைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கசியத் தொடங்குகிறது. 100 கிராம் மஞ்சள்கருவில் இரண்டரை மி.கி.க்கு மேல் இரும்பு உண்டு, வெள்ளைக்கருவில் அநேகமாக இல்லை. சவ்வு கசிந்ததும் அந்த இரும்பு வெள்ளைக்கருவுக்கு வருகிறது. ஓவோடிரான்ஸ்ஃபெரின் அதைப் பிடித்துக்கொள்கிறது. இரும்பு பிடித்த ஓவோடிரான்ஸ்ஃபெரினின் நிறமே அந்த ரோஜா நிறம். நிறம் ஏற ஏற, கிருமிகளிடமிருந்து இரும்பைப் பறிக்க வேண்டிய புரதம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று பொருள். அது வாங்குபவரை முகம் சுளிக்க வைக்கும் குறைபாடு மட்டுமல்ல, காவல் விலகியதன் அடையாளம்.

கடினம் என்னவென்றால், இட்ட அன்று முட்டை நன்றாகவே தெரியும். கடையிலோ வீட்டிலோ சில வாரங்கள் இருந்த பிறகே நிறம் வரும். படி 1இல் பதினான்காம் நாள் முட்டையை உடைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற இன்னொரு நஞ்சும் உண்டு. அது மஞ்சள்கருவை ஆலிவ் பச்சையாகவோ பழுப்பாகவோ மாற்றும். காசிப்பாலைக் கட்ட இரும்பு சல்ஃபேட் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது காசிப்பாலைக் கட்டும், சைக்ளோபுரோபீன் அமிலங்களை ஒன்றும் செய்யாது. எண்ணெய் முழுவதும் எடுத்த பிண்ணாக்கில் இந்த அமிலங்கள் குறைவு, செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெய் மிஞ்சுவதால் அதிகம். என் கருத்து: முட்டைக்கோழிக்குப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, இலவம் பிண்ணாக்கு இரண்டும் வேண்டாம். மாட்டுக்குப் போகட்டும். விலை குறைவு என்று கலப்புப் பிண்ணாக்கு வாங்குபவர்கள் அதில் என்ன கலந்திருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரோஜா நிறம் எப்போதும் தீவனத்தால் மட்டுமே வருவதில்லை. சூடோமோனாஸ் பாக்டீரியா புகுந்தாலும் நிறம் மாறலாம். இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வெள்ளைக்கரு பச்சையாக ஒளிர்ந்தாலோ, நாற்றம் இருந்தாலோ கிருமிதான் என்று கொள்ளுங்கள். பல முட்டைகள் ஒரே சீராக, நாற்றமின்றி நிறம் மாறினால் தீவனத்தைச் சந்தேகியுங்கள்.

படி 4: இரும்பும் தண்ணீரும்

முட்டைக்கோழிக்குத் தேவையான இரும்பு கிலோ தீவனத்துக்கு 45 மி.கி. அளவுதான். மக்காச்சோளம், சோயா, கல்தூள், டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) இவற்றிலிருந்தே அதில் பெரும்பகுதி வந்துவிடும். பிரீமிக்ஸ் என்னும் வைட்டமின், தாதுக் கலவையில் வேறு இரும்பு இருக்கும். அதற்கு மேல் தனியாக இரும்பு டானிக் கொடுப்பதில் வெள்ளைக்கருவுக்கு எந்த நன்மையும் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து முட்டையைக் கழுவும் தண்ணீரில் இருக்கிறது. இரும்பு மிகுந்த தண்ணீரில் கழுவிய முட்டைகள் வேகமாக அழுகுகின்றன என்பது 1960களிலேயே நிறுவப்பட்டது. நுண்துளை வழியே போகும் இரும்பு ஓவோடிரான்ஸ்ஃபெரினை நிரப்பிவிடுகிறது. அமெரிக்காவில் இரும்பு 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு) மேல் உள்ள தண்ணீரில் முட்டை கழுவ அனுமதி இல்லை. பேக்கிங் செய்து சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்பும் பண்ணையாளர் ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவுகிறார் என்றால், முதலில் அந்த நீரைச் சோதிக்கட்டும். வாளியில் இரவு வைத்த தண்ணீரில் செம்மண் நிறப் படிவு தெரிந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. கழுவும் நீர் முட்டையைவிடச் சூடாக, குறைந்தது 32 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே சுருங்கி, கிருமியோடு சேர்த்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். என்னைக் கேட்டால் கழுவாமல் உலர்ந்த முறையில் துடைத்து அனுப்புவதே நம் சூழலுக்கு ஏற்றது.

படி 5: டி.சி.பி.யில் ஒளிந்திருக்கும் வனேடியம்

வயது குறைந்த பேட்ச், நோய் இல்லை, தீவனக் கணக்கும் சரி. ஆனால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது. இப்படி ஒரு நிலை வந்தால் பாஸ்பேட்டைப் பாருங்கள். சில பாறைப் பாஸ்பேட்டுகளில் வனேடியம் என்ற உலோகம் மிகுதியாக இருக்கும். தீவனத்தில் கிலோவுக்கு 10 மி.கி. வனேடியம் சேர்ந்தாலே ஹா அலகு வெளிப்படையாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. உதாரணமாக 500 பிபிஎம் வனேடியம் உள்ள பாஸ்பேட்டை ஒன்றரை சதவீதம் சேர்த்தால், தீவனத்தில் 7.5 பிபிஎம் வந்துவிடும்.

மூட்டை மாறிய தேதியையும் ஹா அலகு சரிந்த தேதியையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் வேறு நிறுவனத்தின் டி.சி.பி.க்கு மாறி, பழையதன் மாதிரியை வனேடியத்துக்கும் ஃபுளோரினுக்கும் சோதனைக்கு அனுப்புங்கள். தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவிக்கும் ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் டி.சி.பி. தேவையே குறையும். வைட்டமின் சி வனேடியத்தின் கெடுதலைத் தணிக்கும் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. பருத்திக்கொட்டையும் தணிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அதை நம்பிப் படி 3இன் சிக்கலுக்குள் போகாதீர்கள்.

படி 6: வைட்டமின்களில் போதும் என்பது எவ்வளவு

ரிபோஃபிளேவின் தீவனத்தில் எவ்வளவோ அதற்கேற்ப வெள்ளைக்கருவிலும் ஏறும், இறங்கும். பிடித்துவைக்கும் புரதத்தின் அளவைத் தீர்மானிப்பது ஹார்மோன். அந்தப் புரதத்தை உருவாக்க முடியாத மரபுக்குறையுள்ள கோழிகள் உண்டு. அவற்றின் முட்டையில் கரு இரண்டாம் வாரத்திலேயே பி2 இல்லாமல் இறந்துவிடும். ஆகவே அடைமுட்டைக்கான தாய்க்கோழிக்கு பி2 தாராளமாக வேண்டும், உணவு முட்டை இடும் கோழிக்கு இனக் கையேட்டில் உள்ள அளவு போதும்.

பயோட்டினை அள்ளிக் கொட்டாதீர்கள். அளவோடு கொடுத்தால் அது பெரும்பாலும் மஞ்சள்கருவுக்குப் போகும். மிக அதிகமாகும்போது வெள்ளைக்கருவுக்கும் வந்து அவிடினைப் பற்றிக்கொள்ளும். பற்றப்பட்ட அவிடினுக்குக் கிருமியிடமிருந்து பறிக்க இடமில்லை.

செலினியத்தில் வகை முக்கியம். ஈஸ்டிலிருந்து கிடைக்கும் செலினோமெத்தியோனின், மெத்தியோனின் இருக்க வேண்டிய இடத்தில் அமர்ந்து வெள்ளைக்கருப் புரதங்களிலேயே சேர்கிறது. சோடியம் செலினைட் அப்படிச் சேர்வது மிகக் குறைவு. கோடைக்கு முன் வைட்டமின் இ, சி இரண்டையும் கூட்டுவது கோழியின் வெப்ப அயர்ச்சியைக் குறைக்கும்.

படி 7: பூஞ்சை நஞ்சு, குடல், முட்டைக்குழாய்

அஃப்லடாக்சினைப் பற்றி லேயர் பண்ணையாளருக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. மழையில் நனைந்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு இரண்டிலும் அது வரும். கல்லீரலைக் கெடுத்து, புரதம் உருவாவதையே தடுக்கும். தீவனத்தில் 20 பிபிபிக்குள் (நூறு கோடியில் 20 பங்குக்குள்) இருக்க வேண்டும். நஞ்சைப் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டர் துணைதான். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் உள்ள மக்காச்சோளத்தை வாங்காமல் இருப்பதே மருந்து.

புரோபயாடிக் எனப்படும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரான்சில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த கோழிகளின் வெள்ளைக்கருவையும் சாதாரணச் சூழலில் வளர்ந்த கோழிகளின் வெள்ளைக்கருவையும் ஒப்பிட்டது. 2013இல் வெளியான அந்த ஆய்வில், சூழலில் நுண்ணுயிரிகளோடு வாழ்ந்த கோழிகளின் வெள்ளைக்கரு ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகளை இன்னும் நன்றாக அடக்கியது. சால்மொனெல்லாவுக்கு எதிரான வலிமையில் வேறுபாடு இல்லை. முற்றிலும் கிருமியற்ற நிலைக்கும் பண்ணைக்கும் இடையிலேயே வித்தியாசம் இவ்வளவுதான் என்றால், பண்ணைக் கோழிக்கு ஒரு பாக்கெட் புரோபயாடிக் கொடுத்து வெள்ளைக்கருவில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. செரிமானம் தேற, எச்சம் கெட்டியாக, கோழிக் குடலில் சால்மொனெல்லா குறைய அது உதவினால், அந்தக் காரணங்களுக்காகக் கொடுங்கள்.

சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் முட்டைக்குழாயையே தொற்றி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகக்கூடியது. அதற்குத் தீவனமும் ஒரு வழி. கருவாட்டுத்தூள், இறைச்சி எலும்புத்தூள் வாங்கும்போது சால்மொனெல்லா சோதனை அறிக்கை இல்லாமல் இறக்காதீர்கள். வெள்ளைக்கரு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதைச் சோதித்துப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

ஐ.பி. எனப்படும் தொற்று மூச்சுக்குழல் அழற்சியும் வெள்ளைக்கழிச்சலும் மேக்னம் சுரப்பிகளைத் தாக்கும். ஓடு சுருக்கம் விழுந்து, வெள்ளைக்கரு நீர்த்து, உற்பத்தியும் சேர்ந்து இறங்கினால் அது தீவனப் பிரச்சினை அல்ல. கால்நடை மருத்துவரை அழையுங்கள். தீவனத்தை மாற்றி நாட்களை வீணாக்காதீர்கள்.

படி 8: மாற்றமும் மறு அளவீடும்

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். புதிய தீவனத்தைப் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் முழுமையாக மாற்றலாம். ஒரு ஷெட்டைப் பழைய தீவனத்திலேயே விட்டுவைத்தால் ஒப்பிட வசதி. வெள்ளைக்கரு ஒரே நாளில் உருவாவது, ஆனால் மஞ்சள்கரு பெரிதாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். சவ்வுக் கசிவு போன்ற விளைவுகள் அந்த வேகத்தில்தான் தெரியும், அதே வேகத்தில்தான் மறையும். எனவே மூன்று வாரம் பொறுத்து, படி 1இல் செய்த அதே அளவீட்டை, அதே ஷெட்டில், அதே நேரத்தில் செய்யுங்கள். இடைப்பட்ட காலத்தில் கோழிக்கு வயதாகிறது, மாதத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு ஹா அலகு தானாகவே இறங்கும். அதைக் கழித்துவிட்டே மாற்றத்தைக் கணக்கிடுங்கள்.

படி 9: இட்ட பிறகு

நல்ல தீவனத்தின் பலனை ஒரே வாரத்தில் வெயில் அழித்துவிடும். இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.6 போல இருக்கும். ஓட்டின் வழியே கரியமில வாயு வெளியேற, சில நாளில் 9ஐத் தாண்டிவிடும். காரத்தன்மை ஏறுவதில் ஒரு நன்மை உண்டு: ஓவோடிரான்ஸ்ஃபெரின் இரும்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், பல கிருமிகளுக்கும் அந்தக் காரம் ஆகாது. ஆனால் லைசோசைமும் ஓவோமியூசினும் சேர்ந்து கட்டிய கெட்டி அமைப்பு தளரும். மஞ்சள்கரு மிதந்து ஓட்டை நெருங்கும், அதன் சவ்வும் மெலியும். சவ்வு வழியே இரும்பும் சத்தும் கசிந்ததும் அதுவரை அடங்கிக் கிடந்த சால்மொனெல்லா பெருகத் தொடங்கும். 20 டிகிரியில் வைத்த முட்டையில் இந்த நிலை வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்பது இங்கிலாந்தில் கண்ட கணக்கு. 35 டிகிரிக் கிடங்கில் அவ்வளவு நாள் கிடைக்காது.

ஆகவே ஒரு நாளில் இரண்டு மூன்று முறை முட்டை எடுங்கள், நிழலில் ஆறவிடுங்கள், முடிந்தால் 20 டிகிரிக்குக் கீழ் வையுங்கள். குளிரில் இருந்ததை வெளியே எடுத்து வியர்க்க விடாதீர்கள். ஓட்டில் படியும் ஈரம் கிருமியை உள்ளே அழைத்துப்போகும்.

உண்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் புரதங்கள் காக்கின்றன என்பதற்காக வெள்ளைக்கருவைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம். பச்சை அவிடின் நம் உணவிலுள்ள பயோட்டினையும் கட்டிவிடும், டிரிப்சின் தடுப்புப் புரதங்கள் செரிமானத்தைக் குறைக்கும், சால்மொனெல்லா இருந்தால் அதுவும் உயிரோடு உள்ளே போகும். முட்டை ஒவ்வாமைக்குக் காரணமான ஓவோமியூகாய்டு, ஓவால்புமின், ஓவோடிரான்ஸ்ஃபெரின், லைசோசைம் நான்கும் எந்தத் தீவனம் தின்ற கோழியின் முட்டையிலும் இருக்கும். “ஒவ்வாமை இல்லாத முட்டை” என்று தீவனத்தைக் காட்டி விற்றால், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சோதனைக்கு அனுப்புபவர்களுக்கு: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரியை ஒரே மூட்டையின் மேல்பாகத்திலிருந்து அள்ளாதீர்கள். பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரை கிலோவை ஈரம் புகாத பையில் போட்டு, பொருளின் பெயர், வாங்கிய தேதி, மூட்டை எண் எழுதி அனுப்புங்கள். அதே கலவையில் இன்னொரு அரை கிலோவை உங்களிடம் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். முடிவைப் பற்றி விற்றவர் கேள்வி எழுப்பினால் மறு சோதனைக்கு அது வேண்டும்.